வெட்ட வேண்டிய இடம்: அரிவாள் செல் நோயும் மரபணுத் திருத்தமும்

1. ஆய்வுப் பொருள்

2023 நவம்பர் 16 அன்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ‘காஸ்ஜெவி’ என்ற சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. கிரிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தி நோயைத் தணிக்கும் ஒரு சிகிச்சைக்கு உலகில் கிடைத்த முதல் அனுமதி அது. அடுத்த மாதம் 8ஆம் நாள் அமெரிக்காவும் அனுமதித்தது. இரு நாடுகளிலும் அது முதலில் குறிவைத்த நோய்களுள் ஒன்று அரிவாள் செல் இரத்தசோகை. கிரிஸ்பர் என்னும் மூலக்கூறுக் கத்தரியின் வெற்றி என்றே இதைச் செய்தியேடுகள் கொண்டாடின. ஜெனிஃபர் டவுட்னாவும் எம்மானுவேல் ஷார்ப்பாந்தியேவும் 2012இல் வெளியிட்டு, 2020இல் நோபல் பரிசு பெற்ற அந்தக் கருவியின் அருமையில் ஐயமில்லை. ஆனால் கருவி கையில் இருந்தால் மட்டும் போதாது. முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட மனித மரபுத்தொகுதியில் எந்த இடத்தில் வெட்டுவது? இந்தக் கேள்விக்கு விடை காண ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. விடையைத் தந்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளே. அதிலும் நோய் இருந்தும் அதிகம் துன்பப்படாதவர்கள். அந்த அறிவு வளர்ந்த வழியையும், அதன் பலன் நீலகிரி போன்ற இடங்களுக்கு எவ்வடிவில் வந்து சேரமுடியும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நோயின் அடிப்படை

1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த ஓர் இளைஞரின் இரத்தத்தில் அரிவாள்போல் வளைந்த சிவப்பணுக்களைக் கண்டு எழுதினார். 1949இல் லைனஸ் பாலிங்கின் குழு, இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதைக் காட்டியது. ஒரு நோயின் காரணம் ஒரே மூலக்கூறின் மாற்றத்தில் இருப்பதாக நிறுவப்பட்டது அதுவே முதல்முறை. அந்த மாற்றம் எது என்பதைச் சில ஆண்டுகளில் வெர்னான் இங்கிராம் கண்டார்: பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் இருக்கிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது.

இந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்வரை தொல்லை தருவதில்லை. ஆக்சிஜனை இறக்கியதும் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது. இழைகள் உள்ளிருந்து தள்ள, சிவப்பணு விறைத்து வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும்போது வரும் வலியை, உடம்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல் இருக்கும் என்று நோயாளிகள் சொல்வார்கள். மண்ணீரல் சிறுவயதிலேயே பழுதாகும், பக்கவாதமும் வரலாம். இயல்பான சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாளணு 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கடத்தி. பெரும்பாலும் நலமாகவே இருப்பார். அதோடு, கொடிய மலேரியாவிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கும் என்பதை 1954இல் அந்தோனி அலிசன் காட்டினார். மலேரியா பரவிய நிலங்களில் இந்த மரபணு அழியாமல் நிலைத்ததற்கு அதுவே காரணம். ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட இந்த மரபணு இந்தியாவிலும் உண்டு என்பது 1952இல் தெரியவந்தது. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் அதைக் கண்டது நீலகிரியின் பழங்குடி மக்களிடத்தில்.

3. துன்பம் குறைந்தவர்கள் காட்டிய வழி

1948இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் ஒன்றைக் கவனித்தார். இந்த மரபணுவோடு பிறந்த சிசுக்களின் இரத்தத்தில் வளைந்த அணுக்கள் மிகக் குறைவு. பல மாதங்கள் கழித்துத்தான் நோய் தலைகாட்டுகிறது. சிசுவின் இரத்தத்தில் நிறைந்திருக்கும் கருநிலை ஹீமோகுளோபினே அதைக் காக்கிறது என்று அவர் ஊகித்தார். இந்த வரலாறு முழுவதிலும் இதைவிடக் கூர்மையான பார்வை வேறில்லை என்பது என் எண்ணம். விலை உயர்ந்த கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

கருவில் இருக்கும்போது நமக்குப் பீட்டா சங்கிலி அதிகம் உருவாவதில்லை. அதன் இடத்தில் காமா சங்கிலி இருக்கும். பிறந்த சில மாதங்களில் காமா மரபணு அடங்க, பீட்டா மரபணு எழுகிறது. வளர்ந்தவரிடம் கருநிலை ஹீமோகுளோபின் பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. பிழை இருப்பது பீட்டாவில் மட்டுமே. காமாவில் பிழை இல்லை. கருநிலை ஹீமோகுளோபின் அரிவாள் ஹீமோகுளோபினின் இழைகளில் சேராது. இழை வளர்வதையும் தடுக்கும்.

சிலருக்கு இந்த அடக்கம் முழுமையாக நிகழ்வதில்லை. சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதி நோயாளிகள் பலரிடம் கருநிலை ஹீமோகுளோபின் மிகுதியாக இருப்பதும், அவர்களை நோய் அவ்வளவாக வாட்டாததும் 1970களில் பதிவாயின. இந்திய நோயாளிகளிடமும் அதே மரபுப் பின்னணி காணப்படுகிறது. ஆகவே இந்தியாவில் இது மென்மையான நோய் என்றொரு கருத்து மருத்துவ நூல்களில் இடம்பிடித்துக்கொண்டது. நான் அதை ஏற்கவில்லை. சராசரி உயர்வாக இருக்கலாம். ஆனால் நடு இந்தியாவிலிருந்து வந்த மருத்துவப் பதிவுகள் கடும் வலியையும் இளவயது மரணத்தையும் காட்டுகின்றன. மென்மையான நோய் என்ற எண்ணம் நிலைத்தால் நோயாளி தாமதமாகவே கவனிக்கப்படுவார்.

4. அடக்கும் மரபணு

காமாவை அடக்குவது எது? பிறந்தபின் காமா ஏன் அடங்குகிறது என்பது பல்லாண்டு புதிராகவே இருந்தது. 2007இல் லண்டனில் ஸ்வீ லே தீன் குழுவினர், நலமானவர்களிடையே கருநிலை ஹீமோகுளோபினின் அளவு ஏன் வேறுபடுகிறது என்று மரபுத்தொகுதி முழுவதையும் ஒப்பிட்டுத் தேடினர். இரண்டாம் குரோமோசோமில் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவில் தடயம் கிடைத்தது. சார்டினியத் தீவு மக்களிடம் நடந்த ஆய்வும் அதே இடத்தைச் சுட்டியது. அதுவரை நிணநீர் அணுக்கள் தொடர்பாகவே அறியப்பட்ட அந்த மரபணுவை ஹீமோகுளோபினோடு யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. 2008இல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினும் விஜய் சங்கரனும் அதன் செயலைக் குறைத்தால் காமா மீண்டும் எழுகிறது என்று காட்டினர். 2011இல் எலிகளில் அதை நீக்கியபோது அரிவாள் நோயின் அறிகுறிகள் மறைந்தன.

அப்படியானால் மனிதரிலும் அதை நீக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. மூளை வளர்ச்சிக்கும், நிணநீர் அணுக்களுக்கும், இரத்தக் குருத்தணுக்களுக்கும் அது தேவை. இங்கேதான் இரண்டாவது கண்டுபிடிப்பு உதவியது. மக்களிடையே காணப்பட்ட இயற்கை வேறுபாடுகள் மரபணுவின் புரதக் குறிப்பில் இல்லை. அதன் இடையே உள்ள, புரதம் எதையும் குறிக்காத ஒரு பகுதியில் குவிந்திருந்தன. அந்தப் பகுதி சிவப்பணு மரபில் மட்டும் பி.சி.எல்.11ஏயைத் தூண்டும் ஊக்கத்துண்டு என்பதை 2013இல் டேனியல் பாவர் முதலியோர் நிறுவினர். அதைச் சிதைத்தால் சிவப்பணுவில் மட்டும் அடக்கும் கை தளரும். மூளைக்கும் நோய் எதிர்ப்புக்கும் இடையூறில்லை. 2015இல் அதே குழு கிரிஸ்பரைக் கொண்டு அந்தப் பகுதியின் நெடுகிலும் வெட்டிப் பார்த்து, மிகவும் பலவீனமான புள்ளியைக் கண்டது. காட்டா-1 என்ற புரதம் வந்து பற்றும் இடம் அது.

இந்தத் தேர்வில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கிரிஸ்பர் வெட்டுவதில் வல்லது. வெட்டிய இடத்தில் வேண்டிய எழுத்தைப் பொருத்துவதில் வல்லதன்று. வெட்டை ஒட்டவைப்பது செல்லின் வேலை; அதைச் செல் அரைகுறையாகவே செய்யும். பீட்டா மரபணுவின் பிழையை நேராகத் திருத்த முயன்றால் இது பெருங்குறை. ஊக்கத்துண்டைச் சிதைப்பதே குறிக்கோள் என்றால் அரைகுறைத் தழும்பே போதும். பிழையான எழுத்தைத் தொடாமலே நோயைத் தணிக்கும் வழி இப்படிக் கிடைத்தது.

5. சிகிச்சையும் அதன் சுமையும்

மருந்தூட்டி எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்களை இரத்தத்துக்கு வரவழைத்துப் பிரிக்கிறார்கள். ஆய்வகத்தில் மின்துடிப்பால் செல்சவ்வைத் திறந்து கிரிஸ்பரைச் செலுத்துகிறார்கள். சோதனைகள் முடிந்து அணுக்கள் திரும்பிவரப் பல மாதங்கள் ஆகின்றன. நோயாளிக்கு வீரியமான புசல்ஃபான் கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழித்த பிறகே அவற்றை ஏற்றமுடியும். வாய்ப்புண், தொற்று, வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம், பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் ஆபத்து எல்லாம் அந்த மருந்தால் வருபவை.

இதற்குக் கிடைத்த பலனும் பெரிது. அமெரிக்க அனுமதிக்கு முன் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து 12 மாதமாவது கடும் வலித்தாக்கு வரவில்லை. அவர்களின் ஹீமோகுளோபினில் சராசரியாக நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாமல் கருநிலை வகையே இருந்தது. அமெரிக்கப் பட்டியல் விலை 22 லட்சம் டாலர். அதே நாளில் அனுமதி பெற்ற ‘லிஃப்ஜீனியா’, வைரஸ் வழியாகப் புதிய மரபணுவைச் சேர்க்கும் சிகிச்சை. அதன் விலை 31 லட்சம் டாலர். இரத்தப் புற்றுநோய் ஆபத்துக்கான எச்சரிக்கையும் அதனுடன் உண்டு.

2021இல் உலகில் இந்நோயோடு பிறந்த குழந்தைகள் ஐந்து லட்சத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. முக்கால் பங்குக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே. இவர்களுக்கு விலை மட்டுமே தடை என்று எண்ணுவது பிழை. விலையை முற்றாக நீக்கினாலும் புசல்ஃபானைத் தாங்கவைக்கும் தனியறையும், தட்டணு ஏற்றும் வசதியும், பல மாதப் பின்தொடர்தலும் வேண்டும். ஆகவே சிகிச்சையின் வடிவமே மாறவேண்டும்.

6. மாறும் வடிவம்

டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் முறையை டேவிட் லியூவின் ஆய்வகம் 2016 முதல் வளர்த்து வருகிறது. அரிவாள் பிழையை அம்முறையால் இயல்பு எழுத்தாக்க முடியாது. ஆனால் வாலினை அலனினாக மாற்ற முடியும். அந்த வகைக்கு மக்கசார் ஹீமோகுளோபின் என்று பெயர்; அது தீங்கற்றது. இந்தோனேசியாவில் இயல்பாக வாழும் சிலரிடம் முதலில் காணப்பட்டது. 2021இல் எலிகளில் இதைச் செய்து காட்டினர். இங்கும் வழி காட்டியது மனிதரிடம் ஏற்கெனவே இருந்த ஒரு வேறுபாடே. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் குருத்தணு ஆய்வு மையமும் எழுத்து மாற்றும் முறையால் காமா மரபணுவின் தொடக்கப் பகுதியை ஆராய்ந்து, கருநிலை ஹீமோகுளோபினை உயர்த்தும் புதிய மாற்றங்களை 2022இல் வெளியிட்டது.

மஜ்ஜையை அழிக்காமல் உடலுக்குள்ளேயே திருத்துவது அடுத்த படி. 2025இல் பிலடெல்பியாவில், அம்மோனியாவைக் கழிக்கும் நொதி இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கென்றே ஆறு மாதத்தில் ஒரு திருத்தி உருவாக்கப்பட்டு, கொழுப்புத் துகள்களில் பொதிந்து ஏற்றப்பட்டது. துகள்கள் தாமாகவே கல்லீரலில் சேர்வதால் அது கைகூடியது. மஜ்ஜைக்கு அப்படி எளிதாக அனுப்பமுடியாது. குருத்தணுவைத் தேடிப் பற்றும் துகள்களுக்கான ஆய்வு விலங்குகளில் நடந்துவருகிறது.

புது தில்லியில் சி.எஸ்.ஐ.ஆரின் மரபுத்தொகுதி ஆய்வு நிறுவனம், குறி தவறாமல் வெட்டும் வேறொரு நுண்ணுயிர்ப் புரதத்தைக் கொண்டு தன் கருவியை அமைத்தது. 2025 நவம்பரில் அரிவாள் நோய்க்கான அதன் சிகிச்சை ‘பிர்சா 101’ என்ற பெயரோடு அறிவிக்கப்பட்டு, தொழில்நுட்பம் சீரம் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியாவில் இந்நோயின் சுமையைத் தாங்குவோர் பெரும்பாலும் பழங்குடியினர். பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயர் அவர்களை முன்னிறுத்துகிறது.

7. நீலகிரியில் இன்று

மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் 2023 ஜூலை 1 அன்று தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை நடத்திவரும் ‘அஸ்வினி’ அமைப்பு அதற்குப் பல்லாண்டு முன்பே நோயாளிகளைத் தேடிக் கண்டு பராமரிக்கத் தொடங்கிவிட்டது. முடிவைக் குறித்த அட்டை கொடுப்பதோடு பரிசோதனை நின்றால் பயனில்லை. கடத்தி என்று தெரிந்த பெண்ணுக்குத் திருமணத் தடையாகவும் அது மாறக்கூடும். இதைத் தவிர்க்கும் ஆலோசனைப் பணி மக்கள் மொழியில், அந்த மக்களுள் ஒருவராலேயே நடக்கவேண்டும்.

கையில் இருக்கும் மருந்து ஹைட்ராக்சியூரியா. கருநிலை ஹீமோகுளோபினை உயர்த்தும் இந்தப் பழைய புற்றுநோய் மருந்து 1998இல் அமெரிக்காவில் அரிவாள் நோய்க்கு அனுமதி பெற்றது. மலேரியா மிகுந்த நாடுகளில் இதைக் கொடுத்தால் தீங்கு வருமோ என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா நாடுகளில் அறுநூறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியாகி அதைத் தீர்த்தது: வலித்தாக்கு பாதிக்கும் கீழே இறங்கியது, மலேரியாவும் பாதியாகக் குறைந்தது, இறப்பு அதைவிடவும் குறைந்தது. அன்றாடம் விழுங்கும் ஒரு மாத்திரை, அவ்வப்போது இரத்த எண்ணிக்கைச் சோதனை, இவ்வளவுதான் தேவை.

கூடலூரிலோ பந்தலூரிலோ இன்று பிறக்கும் குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் நோயைக் காட்டிவிடும். இரண்டு மாத வயதிலிருந்து தினமும் பெனிசிலின் கொடுத்தால் உயிர்கொல்லும் நிமோனியாக் கிருமிகளிலிருந்து அதைக் காக்கலாம்; இது 1986இலேயே நிறுவப்பட்டது. ஒன்பது மாதத்தில் ஹைட்ராக்சியூரியாவைத் தொடங்கலாம். உடலுக்குள் செலுத்தும் திருத்தி அந்தக் குழந்தை வளரும் காலத்துக்குள் வந்துசேரக்கூடும். அதுவரை மண்ணீரலும் மூளையும் சிறுநீரகமும் பழுதுபடாமல் இருந்தால்தான் அந்தத் திருத்தியால் அதற்குப் பலன் கிட்டும்.