மருத்துவச் செலவும் வக்ஃபு மரபும்: ஒரு வரலாற்று நோக்கு

இஸ்லாமிய நாகரிகத்தின் சிறப்பைப் பேசும் நூல்களில் மருத்துவமனைகளுக்கென்று ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். பக்தாதின் அளுதீ, டமாஸ்கஸின் நூரீ, கெய்ரோவின் மன்சூரீ என்று பெயர்கள் வரிசையாக வரும். அர்ராஸீ, இப்னு ஸீனா, இப்னுந் நஃபீஸ் ஆகியோரின் அறிவாற்றல் புகழப்படும். நோயாளிகளிடம் கட்டணம் வாங்கப்படவில்லை என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நூலாசிரியர் அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றுவிடுவார். அந்த ஒரு வரியில்தான் நமக்கு வேலை இருக்கிறது. கட்டணம் வாங்கவில்லை என்பதால் செலவு இல்லை என்றாகிவிடாது. மருந்து, உணவு, படுக்கை, மருத்துவர் ஊதியம், இறந்தவருக்குக் கஃபன் துணி ஆகிய அனைத்துக்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். யார் கொடுத்தார்கள், எந்த நிபந்தனையின் பேரில் கொடுத்தார்கள்? மருத்துவமனை ரசீதைக் கையில் பிடித்தபடி ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் மனிதரை ஊர்தோறும் காணும் இக்காலத்தில், இக்கேள்வியை வெறும் வரலாற்று ஆர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது.

'பீமார்' என்னும் பாரசீகச் சொல் நோயாளியைக் குறிக்கும். 'பீமாரிஸ்தான்' நோயாளிகளின் இடம். மக்கள் நாவில் அது 'மாரிஸ்தான்' எனச் சுருங்கிற்று. எகிப்தின் ஆட்சியாளர் அஹ்மத் இப்னு தூலூன் ஒன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் கட்டிய மாரிஸ்தானைப் பற்றி அல்மக்ரீஸீ தம் 'கிதத்' நூலில் விரிவாக எழுதியுள்ளார். அதற்கு 60,000 தீனார் செலவாயிற்று. நோயாளி உள்ளே வரும்போது அவருடைய உடையையும் பணத்தையும் பொறுப்பாளர் வாங்கிப் பத்திரப்படுத்துவார். மாற்றுடையும் படுக்கையும் தரப்படும். ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் உண்ணும் அளவுக்குத் தேறியதும் உடைமைகளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். படைவீரருக்கும் மம்லூக்குக்கும் அங்கே சிகிச்சை இல்லை என்பது நிறுவனர் விதித்த நிபந்தனை. அரசிடம் ஊதியம் பெறுவோர் ஏழையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதே இதன் நோக்கமாக இருந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் இப்னு தூலூன் தாமே சென்று நோயாளிகளைப் பார்வையிடுவார். மனநோயாளி ஒருவர் ஒருநாள் அவரிடம் மாதுளம்பழம் கேட்டார். பழம் வந்ததும் அதை அவர் மார்பின் மீதே எறிந்தார். அதன் பின் இப்னு தூலூன் அங்கே சென்றதில்லை. இதை நகைச்சுவைத் துணுக்காகவே பலரும் சொல்லிச் செல்கின்றனர். நான் கவனிக்க விரும்புவது வேறு. செல்வரின் வருகை நின்றது. நோயாளிகளின் உணவு நிற்கவில்லை. வீடுகள், வணிகக் கூடம், அடிமைச் சந்தை (அக்காலத்தின் இந்தக் கறையையும் மறைக்க வேண்டியதில்லை) ஆகியவற்றின் வருமானம் அந்த மாரிஸ்தானுக்கென்று வக்ஃபு செய்யப்பட்டிருந்தது. கொடுப்பவரின் மனநிலை மாறினாலும் மாறாத வருமானம் அது.

ஹிஜ்ரி 549இல் (கி.பி. 1154) டமாஸ்கஸைக் கைப்பற்றிய சுல்தான் நூருத்தீன் ஸங்கீ நிறுவியது நூரீ மருத்துவமனை. சிறைப்பட்ட ஃபிரங்கி அரசர் ஒருவர் தந்த மீட்புத் தொகையிலிருந்து அது கட்டப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் சொல்கின்றனர். 1184இல் டமாஸ்கஸுக்கு வந்த அந்தலூஸ் பயணி இப்னு ஜுபைர், அதன் ஒருநாள் செலவு சுமார் 15 தீனார் என்று குறித்துள்ளார். நோயாளிகளின் பெயர்களும், ஒவ்வொருவருக்கும் மருந்து, உணவு வகையில் ஆகும் செலவும் பதிவேடுகளில் எழுதப்பட்டன. கணக்கு இருந்தது, அது நோயாளியிடம் நீட்டப்படவில்லை, அவ்வளவே.

இந்த நூரீயை முன்னிட்டு எழுந்த ஒரு கருத்து வேறுபாடு நம் கவனத்துக்குரியது. அம்மருத்துவமனை ஏழைகளுக்கு மட்டுமன்றிச் செல்வர், வறியவர் என எல்லா முஸ்லிம்களுக்குமாக வக்ஃபு செய்யப்பட்டது எனத் தாம் கேள்விப்பட்டதாக இப்னுல் அஸீர் எழுதினார். அடுத்த தலைமுறையில் வந்த டமாஸ்கஸ் அறிஞர் அபூ ஷாமா (மறைவு ஹி. 665) இதை ஏற்கவில்லை. வக்ஃபு ஆவணத்தையே தாம் பார்த்ததாகவும், அதில் அப்படி எதுவும் இல்லை என்றும் அவர் 'அர்ரவ்ளதைன்' நூலில் பதிவு செய்கிறார். கிடைத்தற்கரிய பெரிய மருந்துகள் தேவைப்பட்டால் அவை செல்வருக்கும் மறுக்கப்படலாகாது என்பது மட்டுமே ஆவணத்தில் இருந்தது. மற்றவை மக்கள் வாயில் பரவிய பேச்சு என்றும், அதன் விளைவாக ஏழைகளின் இடத்தில் செல்வர்கள் நெருக்கியடிக்கத் தொடங்கினர் என்றும் அவர் வருந்துகிறார். இலவசம் என்று ஒன்று இருந்தால் அதை முதலில் எட்டிப் பிடிப்பவர் ஏழையாக இருக்க மாட்டார் என்பதை அபூ ஷாமா எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார். மூல ஆவணத்தைத் தேடிப் படித்த அவருடைய ஆய்வு நேர்மையை நம் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

இதே நூரீயில் ஹிஜ்ரி 831இல் நிகழ்ந்ததாக கலீல் இப்னு ஷாஹீன் அள்ளாஹிரீ சொல்லும் செய்தி சுவையானது. அங்கே பரிமாறப்படும் உயர்ந்த உணவைக் கண்ட பாரசீக அறிஞர் ஒருவர் நோயாளிபோல் நடித்துப் படுத்துக்கொண்டார். தலைமை மருத்துவர் நாடி பார்த்ததுமே உண்மையைப் புரிந்துகொண்டார். ஆயினும் மூன்று நாட்கள் கோழியும் இனிப்பும் பழமும் அனுப்பிவைத்தார். பின்னர், விருந்தோம்பல் மூன்று நாட்களுக்குத்தான் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இனி கெய்ரோ. அமீர் கலாவூன் சுல்தானாவதற்கு முன் டமாஸ்கஸில் கடும் வயிற்றுவலியால் துன்புற்றார். நூரீயிலிருந்து கொண்டுவரப்பட்ட மருந்துகளால் குணமடைந்த அவர், ஆட்சி தம் கைக்கு வந்தால் இத்தகைய ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். மன்சூரீ மாரிஸ்தானின் வேலை ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) பழைய ஃபாத்திமீ அரண்மனை ஒன்றிருந்த இடத்தில் தொடங்கி ஓராண்டுக்குள் முடிந்தது. இப்னு தூலூன் மூடிய கதவை கலாவூன் திறந்தார். அரசரும் குடிமக்களும், அமீரும் படைவீரரும், பெரியவரும் சிறியவரும், சுதந்திரரும் அடிமையும், ஆணும் பெண்ணும் அங்கே சிகிச்சை பெறலாம் என்றது அவருடைய வக்ஃபு. அதன் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 10 லட்சம் திர்ஹம் என்கிறார் மக்ரீஸீ.

அந்த வக்ஃபு ஆவணத்தின் விதிகளை மனிதத் துன்பத்தை அருகிலிருந்து அறிந்தவர்களே எழுதியிருக்க முடியும். ஒவ்வொரு நோயாளியின் உணவும் தனிக் கலத்தில், மூடி வைத்துத் தரப்பட வேண்டும். கோடையில் விசிறிக்கொள்ளப் பனையோலை விசிறிகள் வாங்க வேண்டும். குணமடைந்து செல்பவருக்கு அவர் நிலைக்கேற்ற ஆடை தர வேண்டும். இறப்பவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, அடக்கம் செய்யும் செலவும் வக்ஃபையே சாரும். யாவற்றிலும் முக்கியமாக எனக்குத் தோன்றுவது, வீட்டிலேயே நோயுற்றுக் கிடக்கும் ஏழைக்கு அங்கிருந்தே மருந்தும் பானங்களும் அனுப்ப வக்ஃபின் நாழிருக்கு அளிக்கப்பட்டிருந்த அதிகாரம். சில ஆண்டுகள் இவ்வக்ஃபின் நிர்வாகத்தில் இருந்த வரலாற்றாசிரியர் அந்நுவைரீ, இவ்வாறு வீட்டிலிருந்தபடி மருந்து பெற்றோர் ஒரு காலகட்டத்தில் 200 பேருக்கு மேல் இருந்தனர் என்று எழுதியுள்ளார்.

இவ்வளவு புகழுக்கும் அடியில் ஒரு கசப்பு உண்டு. கட்டுமானத்தை மேற்பார்த்த அமீர் ஸன்ஜர் அஷ்ஷுஜாயீ தொழிலாளர்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துவந்தார். தெருவில் போவோரையும், வாகனத்தில் செல்லும் கண்ணியவான்களையும்கூட இறங்கிக் கல் சுமக்க வைத்தார். ஆகவே அவ்வளாகத்தின் மத்ரஸாவில் தொழுவதையே மார்க்க அறிஞர் சிலர் தவிர்த்தனர். மற்றக் கட்டடங்கள் மட்டும் எவ்வாறு எழுந்தன என்று மக்ரீஸீ திருப்பிக் கேட்கிறார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. எனினும் தயங்கி நின்ற அந்த அறிஞர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. ஏழைக்கு மருந்து தரும் சுவரை ஏழையின் முதுகிலேயே எழுப்பியதைப் பெருமைக் கட்டுரைகளில் விட்டுவிடுவது வரலாறாகாது.

பிற்காலத்தில் சொத்துகள் கைமாறின. நாழிர்கள் வருமானத்தைத் தின்றனர். 1798இல் பிரெஞ்சுப் படை கெய்ரோவில் நுழைந்தபோது மன்சூரீ தன் பழைய நிலையின் நிழலாகவே இருந்தது.

பேரரசர்களால் மட்டுமே இது இயலும் என்று எண்ண வேண்டியதில்லை. உதுமானிய நகரங்களின் மஹல்லாக்களில் 'அவாரிஸ்' வக்ஃபுகள் என்ற சிறு நிதிகள் இருந்தன. அவசரகால வரிகளைத் தெருவாசிகள் கட்ட முடியாமற் போகும்போது உதவுவதற்காகத் தோன்றியவை அவை. நாளடைவில் நோயுற்று உழைக்க இயலாதவருக்கும், வறியவரின் அடக்கச் செலவுக்கும் அவற்றிலிருந்து கொடுக்கப்பட்டது. நிதியைப் போட்டவர் பெரும்பாலும் அத்தெருவின் கடைக்காரரோ, பள்ளிவாசல் இமாமோ, ஒரு விதவையோதான். அவற்றில் பல ரொக்க வக்ஃபுகள். பணத்தைக் கடனாகக் கொடுத்து அதன் இலாபத்தில் நடந்தவை. அம்முறையை ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் ஆதரித்தார். இமாம் பிர்கிவீ கடுமையாக எதிர்த்தார். இன்று நாம் பின்பற்ற வேண்டியது அந்த இலாப முறையை அன்று. ஒரு கடை வாடகை போதும். நோய் வருமுன் பணம் ஓரிடத்தில் இருந்தது என்பதே இங்கு பாடம்.

நோய் வந்து, பணம் இல்லாமல், கடனும் ஏறிவிட்டால்? ஷரீஅத் அம்மனிதரை யாசகராகப் பார்ப்பதில்லை. திருக்குர்ஆன் (9:60) ஸகாத்துக்குரிய எட்டு வகையினருள் 'காரிமீன்' எனக் கடனாளிகளைத் தனியே பெயரிட்டுச் சொல்கிறது. தாம் குடியிருக்கும் வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அவ்வுரிமையை இழப்பதில்லை. ஆனால் நம் ஊர்களில் வீடு உள்ளவர் கேட்கக் கூசுகிறார். கொடுப்பவரும் "வீட்டை விற்கலாமே" என்கிறார். இன்னொரு நுட்பம் உண்டு. ஸகாத் பணத்தைக் கொண்டு மருத்துவமனையில் நேரடியாகக் கடனை அடைப்பவர், கடனாளியின் அனுமதியைப் பெற்றுச் செய்ய வேண்டும். அனுமதியின்றி அடைத்தால் கடன் தீரும், ஸகாத் நிறைவேறாது. ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபு நூல்களிலும் இதைக் காணலாம். வசூல் செய்யும் இளைஞர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. கடனாளியின் சொல்லுக்கு அங்கே இடமிருக்க வேண்டும் என்பது எத்துணை மேன்மையான சட்டம்!

கடன் கொடுத்தவருக்கும் வரம்பு உண்டு. விலைக்கு வாங்கிய பழங்கள் அழிந்துபோய்ப் பெருங்கடனில் வீழ்ந்த ஒருவருக்குத் தர்மம் செய்யுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்களை ஏவினார்கள். திரண்டது கடனுக்குப் போதவில்லை. இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கில்லை என்று கடன்காரர்களிடம் கூறினார்கள் என்பது முஸ்லிமில் பதிவான செய்தி. எஞ்சிய கடன் தள்ளுபடியாவதில்லை, வசதி வரும்வரை அவகாசம் தரப்படும் (2:280) என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. மருத்துவமனை நிர்வாகத்திடம் தவணை கேட்கச் செல்லும் ஜமாஅத் பொறுப்பாளர், தாம் கேட்பது சலுகை அன்று, ஷரீஅத் வகுத்த முறை என்ற தெளிவோடு செல்லலாம். முஸ்லிம்கள் நடத்தும் மருத்துவமனையாயின் அதை நினைவூட்டவும் செய்யலாம்.

அரசின் பக்கமும் இன்று சில வழிகள் உள்ளன. தமிழகத்தில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018இல் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கு இடமளிக்கிறது. நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவதைவிட, மஹல்லாவில் யாரிடம் அட்டை இல்லை என்று பைத்துல்மால் முன்கூட்டியே கணக்கெடுத்து வாங்கித் தருவது நல்லது. மாதாந்திர மருந்துச் செலவும், துணையிருப்போரின் உணவும், இழந்த கூலியும் காப்பீட்டுக்குள் அடங்குவதில்லை. நுவைரீயின் பதிவேட்டில் இருந்த அந்த 200 வீடுகளைப் போன்றவை இங்கும் உள்ளன. பைத்துல்மாலின் சிறு தொகை அங்கேதான் பயன்படும்.

பணம் கட்டும்வரை உடலைத் தர மறுக்கும் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018இல் வெளியான நோயாளர் உரிமைச் சாசனம், கட்டணத் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ உடலையோ தடுத்துவைக்கக் கூடாது என்கிறது. நபிகளார் தொடக்கக் காலத்தில், கடனை அடைக்க வழியின்றி இறந்தவருக்குத் தாம் ஜனாஸா தொழுவிக்காமல், "உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள்" என்று கூறியதுண்டு. கடனின் கடுமையை உணர்த்திய அந்நிலையிலும் ஜனாஸா நிறுத்திவைக்கப்படவில்லை. அக்கடனை அபூ கதாதா (ரலி) தாம் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னபோது நபிகளாரே தொழுவித்தார்கள். வெற்றிகள் கிட்டிக் கருவூலத்தில் பொருள் சேர்ந்தபின், கடனோடு இறப்பவரின் கடன் தம் பொறுப்பு என்று அறிவித்தார்கள்.