திறந்த கொட்டகையும் 72 என்னும் எல்லையும்

பக்கச்சுவர் இல்லாத கறவைமாட்டுக் கொட்டகைகளை ஒப்பிடும் எழுத்துகளில் ஒரு முடிவு திரும்பத் திரும்ப வருகிறது: தகரம், ஆஸ்பெஸ்டாஸ், ஓடு, கீற்று ஆகிய கூரைகளுக்கிடையே வெப்ப-ஈரப்பதக் குறியீட்டில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை, ஆகவே மலிவான கூரையே போதும். அளவீடுகளை நான் ஐயுறவில்லை. அவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவையே மறுக்கிறேன். சுவர் இல்லாத இடத்தில் உள்ளே நிற்கும் காற்றும் வெளிக்காற்றும் ஏறத்தாழ ஒன்றுதான். காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் மட்டுமே கணக்கில் கொள்ளும் குறியீடு எந்தக் கூரையின் கீழும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் தரும்.

இந்தப் பழக்கத்தின் வேர் 1964இல் பெர்ரி, ஷாங்க்ளின், ஜான்சன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. மனிதரின் அசௌகரியத்தை அளக்க 1959இல் தாம் (Thom) என்பவர் வகுத்த குறியீட்டை அவர்கள் பால் குறைவோடு இணைத்தனர். கட்டுரையின் நோக்கமே கொட்டகை வடிவமைப்பு என்பதால், கொட்டகைகளைத் தரம்பிரிக்க அதைக் கையில் எடுத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதற்கு அடிப்படையான தரவு மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் தட்பவெப்பக் கூடத்திலிருந்து வந்தது. அங்கே தலைக்குமேல் வெயிலில் காயும் கூரை இல்லை. சமன்பாட்டில் காற்றோட்டத்துக்கும் இடமில்லை.

அந்தச் சமன்பாட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். நாளொன்றுக்கான பால் குறைவு, கிலோவில்: −1.075 − (1.736 × இயல்பான கறவை) + (0.02474 × இயல்பான கறவை × குறியீடு). குறைவு எந்தக் குறியீட்டில் தொடங்குகிறது என்று கணக்கிட்டால், 25 கிலோ கறக்கும் மாட்டுக்கு 71.9 வருகிறது. எல்லோரும் மேற்கோள் காட்டும் 72 ஏறத்தாழ இதுவே. கறவை 10 கிலோ என்றால் எல்லை 74.5க்கு ஏறுகிறது, 35 கிலோ என்றால் 71.4க்கு இறங்குகிறது. அரிசோனா ஆய்வாளர்கள் பிற்காலத்தில் 35 கிலோவுக்கு மேல் கறக்கும் மாடுகளுக்கு எல்லையை 68 ஆக்கியதும் இதே திசையில்தான். ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கான சமன்பாடு நம் ஜெர்சிக் கலப்பினத்துக்கு அப்படியே பொருந்தும் என்றோ, 74.5 நமக்குரிய எல்லை என்றோ நான் சொல்லவில்லை. 72 மாறாத எல்லையன்று என்பதற்கு மூலச் சமன்பாடே சான்று. இங்கே எனக்குத் தேவை அவ்வளவே.

இதைவிடப் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. காற்று 36 டிகிரி, ஈரப்பதம் 50 விழுக்காடு எனக் கொள்வோம், குறியீடு 86. காற்று அசையாமல் நின்றாலும் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசினாலும் 86தான். கீற்றின் கீழும் 86, கொதிக்கும் தகரத்தின் கீழும் 86. மாட்டின் உடலுக்கு இவை ஒன்றல்ல. தகரத்தின் அடிப்பக்கம் 60 டிகிரிக்குச் சூடேறினால், காற்றளவு வெப்பத்தில் இருக்கும் கூரையைவிடச் சதுர மீட்டருக்குச் சுமார் 160 வாட் கூடுதலாகக் கீழ்நோக்கிக் கதிர்வீசும். இது துருவேறிய அல்லது வண்ணம் பூசிய தகரத்துக்கான கணக்கு. பளபளக்கும் புதுத் தகரத்தின் அடிப்பக்கம் மிகக் குறைவாகவே கதிர்வீசும். புதிதாக வேய்ந்த கொட்டகையில் ஒரு கோடை மட்டும் அளந்துவிட்டுத் தகரத்துக்கு நற்சான்று தருவது இதனால் ஆபத்தானது. கூரையை உயர்த்தினால் மாட்டின் முதுகு எதிர்கொள்ளும் தகரத்தின் பங்கு சுருங்கி, வானத்தின் பங்கு கூடும். உயரம், கூரைப்பொருள், காற்றுவாக்கு: கொட்டகை கட்டுபவர் கையில் இருப்பவை இவைதாம். இவற்றுக்கு அசைந்து கொடுக்காத குறியீட்டைக் கொண்டு கொட்டகையைத் தரம்பிரிப்பது, தராசில் நீளத்தை அளக்க முயல்வது போன்றது.

1981இல் பஃபிங்டனும் உடன் ஆய்வாளர்களும் ஃபுளோரிடாவில் முன்வைத்த மாற்றுக் குறியீடு, காற்றின் வெப்பத்துக்குப் பதிலாகக் கறுப்புச் சாயம் பூசிய கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவை எடுத்துக்கொள்கிறது. கதிர்வீச்சும் காற்றோட்டமும் அந்த அளவில் பதிந்துவிடும். வெட்டவெளியில் பால் குறைவை அது மேலாக விளக்கியது. நிழலுக்குள் பழைய குறியீட்டை விஞ்சவில்லை. இதையே எதிர்வாதமாக வைப்பார்கள். ஆனால் ஒரே நிழலுக்குள் நாளுக்கு நாள் ஒப்பிடும்போது பெரிதும் மாறுவது காற்றின் வெப்பமே, கூரை மாறுவதில்லை. கூரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் கேள்விக்கு அந்த முடிவு விடையாகாது. கீற்று தீப்பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்பது மற்றொரு மறுப்பு. உண்மைதான், அது செலவுக் கணக்கு, வெப்பக் கணக்கன்று.

குறியீட்டில் வேறுபாடில்லை என்ற ஒன்றை மட்டுமே சான்றாகக் கொண்ட கூரைப் பரிந்துரைகளை நிறுத்திவைக்க வேண்டும். அதே ஆய்வுகளில் பிற்பகல் மூச்செண்ணிக்கையும் ஆசனவாய் வெப்பமும் குறிக்கப்பட்டிருந்தால் அந்தத் தரவைக் கூரைவாரியாகப் பிரித்து மீண்டும் பார்க்கலாம். புதிதாக அளப்பவர்கள் கோள வெப்பமானியை மாட்டின் முதுகு உயரத்தில் தொங்கவிட்டு, அதே இடத்தில் காற்றின் வேகத்தையும் குறிக்கட்டும். தகரத்தின் வயதையும் சேர்த்து எழுதட்டும்.