பெருகும் மக்களும் நெருங்கும் தெருக்களும்



மக்கள் பெருகினால் நகரம் பெருகும். நகரம் பெருகினால் தெரு பெருக வேண்டும். இது எவருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரத்தின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1900ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்போது ஹூஸ்ரனில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 45 ஆயிரம் பேரே. மறு ஆண்டில் அயலிலுள்ள ஸ்பிண்டில்ரொப் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டெழுந்தது. 1914இல் கப்பல்கள் நகர்வரை வருவதற்கேற்ற ஆழ்கால்வாய் திறக்கப்பட்டது. எண்ணெயும் துறைமுகமும் தொழிலைத் தந்தன. தொழில் மக்களை அழைத்தது. 1960இல் அந்நகர மக்கள் 9 இலட்சத்தைத் தாண்டினர். 2020இல் 23 இலட்சமாயினர். அயல் நிலங்களை நகரம் தன்னுடன் இணைத்துக்கொண்டே வந்ததும் இப்பெருக்கத்துக்கு ஒரு காரணமாகும். இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 640 சதுர மைல்.

இத்துணைப் பரந்த நகரிலே மக்கள் எவ்வாறு சென்று வருவது? 1940இல் ஹூஸ்ரனின் ட்ராம் வண்டிகள் ஓய்ந்துவிட்டன. 1956இல் ஜனாதிபதி ஐசனோவர் கைச்சாத்திட்ட பெருந்தெருச் சட்டம் நாடெங்கும் 41 ஆயிரம் மைல் நீளமான பெருந்தெருக்களுக்கு வழிவகுத்தது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசாங்கமே ஏற்றது. ஆகவே நகரங்கள் மோட்டார் வண்டியையே நம்பி வளர்ந்தன.

அவ்வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்களும் உளர். ஹூஸ்ரனின் ஐந்தாம் வட்டாரம் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதி. பெருந்தெருக்கள் அதனை ஊடறுத்துச் சென்றன. வீடுகளும் கடைகளும் அகற்றப்பட்டன. அயலவர் அயலவரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். புறநகரில் வாழ்வோர் விரைந்து செல்வதற்காக, நகரின் நடுவே வாழ்ந்தோர் தம் மனைகளை இழந்தனர்.

விரைவேனும் கிட்டியதா? நகரின் மேற்கே செல்லும் கேற்றிப் பெருந்தெரு 2003 முதல் 2008 வரை அகலமாக்கப்பட்டது. அதற்கென அருகே சென்ற பழைய புகையிரதப் பாதையின் நிலமும் எடுக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 280 கோடி டொலர். பக்கத்துத் தெருக்களையும் சேர்த்தெண்ணினால், மிக அகன்ற இடத்தில் 26 வண்டிகள் ஒரே வேளையில் அணிவகுத்துச் செல்லலாம். ஆயினும் 2011க்கும் 2014க்கும் இடையிலேயே காலையிலும் மாலையிலும் பயண நேரம் மீண்டும் கூடலாயிற்று.

இதன் காரணத்தை அந்தனி டவுன்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1962இலேயே எடுத்துரைத்தார். தெரு அகன்றதும் வேறு வழியாகச் சென்றோர் அதனை நாடுவர்; வேறு நேரத்தில் சென்றோர் அதே நேரத்துக்கு மாறுவர்; பஸ்ஸில் சென்றோரும் காரில் ஏறுவர். பயணம் எளிதென்று நம்பிப் புறநகரிலே புதிய வீடுகளும் எழும். ஈற்றில் அகன்ற தெருவும் நிறைந்துவிடும். உப்புநீரைப் பருகித் தாகம் தணிக்க முயல்வது போன்றதே இது.

அமெரிக்க நகரங்கள் இப்பாடத்தை மெல்ல மெல்லக் கற்று வருகின்றன. ஹூஸ்ரனில் 2004இல் ஏழரை மைல் நீளமான மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. நியூயோர்க் நகரம் 2025 சனவரியில், மன்ஹற்றனின் நெரிசல் மிக்க தென்பகுதியினுள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் விதித்தது. மக்கட் பெருக்கம் ஒரு நகரத்துக்குக் கேடன்று. வந்து சேர்வோர் அனைவரும் ஆளுக்கொரு வண்டியிலேயே செல்ல வேண்டிய நிலையை உண்டாக்குவதுதான் கேடு. வண்டி எத்தனை செல்லும் என்று கணக்கிடுவதிலும், மனிதர் எத்தனை பேர் செல்லலாம் என்று கணக்கிடுவதே நகரமைப்போர் கடனாகும்.