பிளேக்கும் கடனும்: பெங்களூர் கண்ட இரு நெருக்கடிகள்

பெங்களூருக்குள் பிளேக் நோய் புகுந்தது 1898 ஆகஸ்டில். ஹூப்ளி ரயில் வழியே வந்தது என்பார்கள். 1891 குடிக்கணக்கில் மைசூர் அரசின் பேட்டையும், நம்மவர் திரளாகக் குடியேறியிருந்த ஆங்கிலேயரின் தண்டும் சேர்ந்து சுமார் 1,80,000 பேர். 1901இல் சுமார் 1,59,000 பேர்தான். மாண்டவர் பலர், ஊரை விட்டே போனவர் பலர்.

நெருக்கமான தெருக்களை விட்டு வெளியேற மல்லேஸ்வரமும் பசவனகுடியும் உருவாயின. தண்டில், எலி புகாத வீடுகளைக் கட்டும் நோக்கோடு பிரேசர் டவுன் 1910 வாக்கில் எழுந்தது. இன்று நாம் பெருமையாக விலாசம் சொல்லும் இவ்விடங்கள் நோய்ப் பயத்தில் வளர்ந்தவை! கையில் சேமிப்பு இருந்தவர் துணிந்து மனை வாங்கினார். அன்றாடக் கூலிக்காரருக்கு ஏது வங்கி? நகையும் பாத்திரமும் அடகுக் கடைக்குத்தான் போயாக வேண்டும். எளியோருக்கு நியாய வட்டியில் கடன் தரும் கூட்டுறவுச் சட்டம் மைசூருக்கு 1905இல்தான் வந்தது.

2020இல் கொரோனா வந்தபோது வங்கிகளுக்குக் குறைவில்லை. ஆனால் கதை அதேதான். மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணை கட்டாமலிருக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பலர் அதைத் தள்ளுபடி என்றே நினைத்துவிட்டார்கள். வட்டி நிற்கவில்லை. 9 சதவீத வட்டியில் 10 லட்சம் பாக்கி வைத்திருந்தவருக்கு ஆறு மாதத்தில் சுமார் 45,000 ரூபாய் ஏறியது. 2 கோடி வரையிலான கடன்களுக்கு அரசு பிறகு ஈடுசெய்தது வட்டியின் மேலான வட்டியை மட்டுமே.

அந்த ஆகஸ்டில் நகை மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதில் 90 சதவீதம் வரை கடன் தர, 2021 மார்ச் வரை வங்கிகளுக்கு அனுமதி கிடைத்தது. அப்போது பத்து கிராம் தங்கம் 56,000 ரூபாயைத் தொட்டிருந்தது. மறு மார்ச்சில் 45,000 பக்கம் இறங்கிவிட்டது. நிறையக் கிடைக்கிறதே என்று உச்சத்தில் அடகு வைத்தவர்களின் நகைகள் ஏல வாசலுக்கு வந்தன.

இன்னொரு பக்கம், 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் இரண்டே ஆண்டில் 9 கோடியை எட்டின. சம்பளம் நிற்காதவர் பங்குச் சந்தையில் துணிந்தார். சம்பளம் நின்றவர் தாலியைத் தவிர மற்றதை அடகு வைத்தார். முன்னது விரும்பி எடுத்த ஆபத்து, பின்னது தலையில் விழுந்தது.

நோய் இரண்டு காலத்திலும் வேறு. குடும்பங்களைப் பிரித்த கோடு ஒன்றே. சில மாதச் செலவுக்குக் கையில் காசு இருந்ததா, இல்லையா என்பதே அது.