பத்துப் பேர்ச் நிலம்

சித்திரை போய் வைகாசி பிறக்கும் நாட்களில் லண்டனில் எம்மவர் இருவர் சந்தித்தால், பேச்சு ஊர்ப் புதினத்தில் தொடங்கி மிளகாய்க் கன்றில் வந்து நிற்கும்.

"வெளியிலை நட்டிட்டியளோ அக்கா?"

"இல்லைத் தம்பி. போன முறை அவசரப்பட்டு நட்டு, ஒரு ராப் பனியிலை எல்லாம் கருகிப் போச்சு. இந்த முறை இன்னும் யன்னல் கரையிலைதான் நிக்குது."

மே மாத நடுப்பகுதி கழியும்வரை மிளகாயையும் பூசணியையும் வெளியே விடக் கூடாதென்பது நாங்கள் இங்கு நட்டப்பட்டுக் கற்ற பாடம். வெந்தயக் கீரை ஏமாற்றாது. முருங்கை முதல் குளிர்காலத்தையே தாண்டாது. சிவப்புப் பூப்பூக்கும் ஆங்கிலேயரின் கொடி அவரையைத் தடி நட்டுப் படரவிட்டு, பயற்றங்காய் என்று எங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டு பால்கறி வைக்கிறோம்.

இதெல்லாம் நடப்பது 'அலொட்மென்ற்' என்று இங்கே சொல்லப்படும் வாடகைத் தோட்டத்தில். காத்திருப்போர் பட்டியலில் நாலு வருடம் இருந்த பிறகு எங்கள் மூன்று குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரு துண்டு கிடைத்தது. வந்த கடிதத்தில் அளவு '10 றொட்' என்றிருந்தது. றொட் என்றால் என்னவென்று பக்கத்துத் தோட்டத்துக் கிழவரைக் கேட்டோம். ஐந்தரை யார் நீளம், அதற்குப் போல் என்றும் பேர்ச் என்றும் பெயருண்டு என்றார். எங்களுள் ஒருவர் ஊரில் காணி உறுதிகளோடு காலம் கழித்தவர். அவர் உடனே சொன்னார்: "பத்துப் பேர்ச் எண்டால் ஒரு பரப்பெல்லோ!"

கணக்குச் சரிதான். யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர்; ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் மரக்கறித் தேவைக்குப் போதுமென்று வழக்கத்தில் வந்த அளவும் அதுவேதான். ஆங்கிலேயரின் அளவுகோல் எங்கள் காணிகளிலும் நீட்டப்பட்டிருந்தது என்பதை அறிவோம். ஆனால் இந்தத் தோட்டம் இங்கே எப்படி வந்தது என்பதைத் தேடிப் பார்த்தபோதுதான், அந்தக் கோலோடு கூடவே இன்னொன்றும் எங்கள் நாட்டுக்கு வந்திருந்தது தெரிந்தது.

1649 ஏப்ரலில், மன்னன் முதலாம் சார்ள்ஸின் தலை வெட்டப்பட்டு மூன்று மாதங்கூட ஆகாத வேளை, லண்டனுக்குத் தென்மேற்கே சறே பகுதியில் சென் ஜோர்ஜ்ஸ் ஹில் என்ற மேட்டில் ஏழைகள் சிலர் மண்வெட்டியோடு ஏறினார்கள். ஜெராட் வின்ஸ்ரன்லி அவர்களுள் முக்கியமானவர். தரிசாய்க் கிடக்கும் பொதுநிலத்தைப் பயிரிட்டு உண்ண இல்லாதவர்களுக்கு உரிமை உண்டென்பது அவர்களின் வாதம். கரட்டும் பார்ஸ்னிப் கிழங்கும் அவரையும் போட்டார்கள். 'டிக்கர்ஸ்', அதாவது கொத்துகிறவர்கள், என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. பயிர் மிதிக்கப்பட்டது, குடிசை எரிக்கப்பட்டது, வழக்கும் போடப்பட்டது. ஒரு வருடத்துக்குள் துரத்தப்பட்டார்கள். அந்த மேடு இன்று வேலியும் காவலும் போட்ட செல்வந்தர் குடியிருப்பு. நடுவே கோல்ஃப் மைதானம்.

அதன் பின்னர் நடந்தது எதிர்த்திசையில். ஊரவர் மாடு மேய்த்து விறகு பொறுக்கிய பொதுநிலங்கள் ஒவ்வொன்றாக வேலியடைக்கப்பட்டன. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் இதற்காக நிறைவேற்றிய சட்டங்கள் 5,200 க்கும் மேல். அடைபட்ட நிலம் 68 இலட்சம் ஏக்கர். நிலமிழந்தவன் கூலியானான். 1830 இல் தென்னிங்கிலாந்தின் கூலிகள் சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கலகம் செய்தபோது, கையளவு நிலமாவது கொடுத்தால் இவர்கள் அடங்கியிருப்பார்கள் என்ற எண்ணம் நிலப்பிரபுக்களுக்கும் பாதிரிமாருக்கும் வலுத்தது. கொடுத்த துண்டுகளோடு நிபந்தனைகளும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை கொத்தக் கூடாது. கோயிலுக்குப் போக வேண்டும். குற்றம் செய்து பிடிபட்டால் துண்டு பறிபோகும். 1845 இன் சட்டம், வேலியடைக்கும் போது ஏழைகளுக்குக் கால் ஏக்கருக்கு மேற்படாத தோட்டங்களை ஒதுக்கலாம் என்றது. அடுத்த கால் நூற்றாண்டில் அடைபட்டது ஆறு இலட்சம் ஏக்கருக்கு மேல். தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்டதோ சுமார் 2,200 ஏக்கர்.

இதே ஆண்டுகளில் இலங்கையில் என்ன நடந்தது? 1840 இன் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காட்டு நிலமும் தரிசு நிலமும் பயிரிடப்படாத நிலமும், வேறொருவருடையதென்று நிரூபிக்கப்படாவிட்டால், முடிக்குரியவை என்றது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவனிடம் உறுதி ஏது? முடி எடுத்த நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. அதைக் கொத்தத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் மக்கள் லயன் காம்பராக்களில் அடைக்கப்பட்டார்கள். மலையைத் திருத்தியவர்களுக்கு அந்த மலையில் ஒரு பேர்ச்சும் சொந்தமாகவில்லை. 2015 க்குப் பிந்திய வீடமைப்புத் திட்டத்தில்தான் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்ற பேச்சு வந்தது. ஏறக்குறைய இருநூறு வருட உழைப்புக்கு எங்கள் தோட்டத்தைவிட மூன்று பேர்ச் குறைவு.

பயிரிடாத நிலம் யாருக்குரியது என்ற ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள். இல்லாதவன் பயிரிடட்டும் என்றார்கள் டிக்கர்ஸ். அரசு எடுத்து இருப்பவனுக்கு விற்கட்டும் என்றது 1840. இங்கிலாந்தில் முதல் விடை தோற்றதாயினும் முழுவதுமாகச் சாகவில்லை. 1887 இலும் 1908 இலும் வந்த சட்டங்கள் தோட்டம் கொடுப்பதை உள்ளூராட்சிச் சபைகளின் கடமையாக்கின. 1908 இன் சட்டப்படி ஆறு வாக்காளர் சேர்ந்து கேட்டால் சபை அதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். 1919 இல் உழைப்பாளர் மட்டுமென்ற எல்லை நீங்கியது. 1925 இல், இதற்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் சம்மதமின்றி விற்க முடியாதென்றானது. 1950 இல் கோழி வளர்க்கவும் அனுமதி வந்தது. பேட்டுக்கோழி மட்டும், சேவலுக்கு அந்த உரிமை இல்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில், கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டு உணவு குறைந்தபோது, வெற்றிக்காகக் கொத்துங்கள் என்று அரசே சொன்னது. லண்டன் கோபுரத்தின் அகழியிலும் மரக்கறி விளைந்தது. தோட்டத் துண்டுகள் சுமார் 14 இலட்சமாயின. சமாதானம் வந்தபின் கடைகள் நிறைந்தன, தோட்டங்கள் பற்றையாயின. 1990களின் நடுவில் இங்கிலாந்தில் எஞ்சியவை மூன்று இலட்சத்தளவில்தான். அப்படிக் கைவிடப்பட்ட பாத்திகள் சிலவற்றில்தான் கரிபியரும் வங்காளிகளும் நாங்களும் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தோம்.

எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. பயிரிடாமல் விட்டால் முதலில் எச்சரிக்கைக் கடிதம் வரும், பிறகு துண்டு அடுத்தவருக்குப் போகும். நியாயமான விதி, பட்டியலில் காத்திருந்த எங்களுக்கு அது புரியும். ஆனால் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் அக்கா ஒருவர் மௌனமாகி விடுவார். வலிகாமம் வடக்கில் அவருடைய பெற்றோரின் ஆறு பரப்புச் செம்மண் தோட்டம் 1990 இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. வெங்காயமும் புகையிலையும் மாறி மாறி விளைந்த நிலம். கால் நூற்றாண்டுக்கு மேல் அதில் ஒருவரும் பயிரிடவில்லை, பயிரிட விடவில்லை.

அந்தப் பகுதி விடுவிக்கப்பட்டதும் போய்ப் பார்த்தார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் இல்லை. கிணறு தூர்ந்து, ஆளுயரப் பற்றை. பழைய நில அளவைப் படத்தோடு அளவையாளரைக் கூட்டிப் போனாராம்.

"அவர் சங்கிலி இழுக்க முதலே எனக்கு எல்லை தெரிஞ்சிட்டுது" என்றார். "ஐயா வேலிக்கு நட்ட பூவரசங் கதியால் எல்லாம் பெரிய மரமாய் வரிசையிலை நிக்குது."

தோட்டக் கொட்டிலின் வாசலில், போத்தல் தேநீரைப் பகிர்ந்துகொண்டு இதைக் கேட்டோம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே எழும்பி, வானத்தைப் பார்த்து, இரவைக்குப் பனி கொட்டும்போலை இருக்கு, உருளைக்கிழங்குக் குருத்துக்கு மண் அணைச்சு விடுங்கோ என்றார். பத்துப் பேர்ச்சையும் இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம்.