முடி கொட்டுகிறதா? மருந்து வாங்கும் முன் காரணத்தை அறியுங்கள்

ஒரு நாளில் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. பிரசவம், டெங்கு போன்ற கடும் காய்ச்சல், பெரும் மன அதிர்ச்சி ஆகியவற்றுக்கு இரண்டு, மூன்று மாதங்களின் பின்னர் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம். பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் இது தானாகக் குறையும்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும், பால் வெட்டும் பெண்களிடம் இரத்தச்சோகை பரவலாக உண்டு. இரும்புச்சத்துக் குறைந்தாலும் தைரொயிட் கோளாறு இருந்தாலும் முடி உதிரலாம். இவற்றைத் தலையில் பூசும் எண்ணெய் தீர்க்காது. இரத்தப் பரிசோதனையே முதற்படி.

கூடைக் கயிறோ இறுக்கிய கொண்டையோ தொடர்ந்து இழுக்கும் இடத்திலும் முடி போகும். அங்கே இழுவையைக் குறைப்பதே முதல் வைத்தியம்.

வகிடு அகன்று முடி மெலிந்தால், பூசும் மருந்துகளில் நன்கு நிரூபிக்கப்பட்டது மினொக்சிடில். பெண்களுக்கான 2 சதவீதக் கரைசலுக்கு அமெரிக்கா 1991இல் அனுமதி வழங்கியது. ஆரம்ப வாரங்களில் உதிர்வு கூடலாம். பலன் தெரியக் குறைந்தது நான்கு மாதங்களாகும். நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். முகத்தில் வழிந்தால் அங்கும் முடி வளரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும்.

மாதக்கணக்கில் பணம் செலவாகும் மருந்து இது. ஆகவே வாங்கும் முன் அரச வைத்தியசாலையில் இலவசமாகக் காட்டிக் காரணத்தைக் கேட்டறியுங்கள்.