கழுத்தில் தெரியாத நோய்

நோய்களுக்குப் பெயரிடுவதில் கண்ணுக்கே முதலிடம். தமிழில் 'முன்கழுத்துக் கழலை' என்பது கண்ணுக்குப் புலப்படும் வீக்கத்தைக் குறிக்கிறது. அவ்வீக்கத்திற்கு இடமான தைராய்டு சுரப்பியை அன்று. கழுத்து வீங்காமலே சுரப்பு குறைந்துபோனவருக்கு அச்சொல்லில் இடமில்லை. அவர் முதியவராயின், சோர்வு, மறதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகிய அனைத்தும் 'வயதாகிவிட்டது' என்ற ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றன.

ஐரோப்பாவிலும் தொடக்கம் இதுவே. 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், பெண்கள் சிலரிடம் கண்ட உடல், மன மந்தத்தை விவரித்தார். 1878இல் வில்லியம் ஆர்ட் அதற்கு 'மிக்சிடீமா' எனப் பெயரிட்டார். அப்பெயரும் தோலின் தடிப்பையே சுட்டியது. 1891இல் ஜார்ஜ் மரே, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தினார். அச்சிகிச்சையைத் தொடர்ந்த அவர் 1919இல், தம் 74ஆம் வயதில் காலமானார். மூப்பெனத் தோன்றியது நீங்கியபின், உண்மையான மூப்பை அடையும்வரை அவர் வாழ்ந்தார்.

இந்தியாவில் பொதுநலக் கவனம் கழலையின்மீதே குவிந்தது. 1956இல் வெ. இராமலிங்கசுவாமி குழுவினர் காங்க்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பின் பயனை ஆராயத் தொடங்கினர். 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. அதன் பயன் பெரிது. எனினும், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைச் சிதைக்கும் ஹஷிமோட்டோ நோயை உப்பால் தடுக்க இயலாது. முதியோரிடம் சுரப்புக் குறைவுக்கு அதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

1949இல் ரிச்சர்ட் ஆஷர், மனநோயாளிகளாகக் கருதப்பட்ட 14 பேரிடம் இக்குறைபாட்டைக் கண்டு எழுதினார். பெங்களூரில் மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் உருவானது. இத்தகைய நிறுவனங்களில் முதியவரின் மறதிக்குக் காரணம் தேடும்போது தைராய்டு சோதனையும் இடம்பெறுவதற்குப் பின்னால் இந்த நெடிய வரலாறு உள்ளது.

இன்று பிழை எதிர்த்திசையிலும் நேரலாம். வயது கூடக்கூட டி.எஸ்.எச். அளவு சற்றே உயர்வது இயல்பு. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், டி.எஸ்.எச். மட்டும் சற்று உயர்ந்திருந்தோருக்குத் தைராய்டு மாத்திரை அளித்தும் சோர்வு குறையவில்லை. தேவையற்ற மாத்திரை இதயத் துடிப்பையும் எலும்பையும் பாதிக்கக்கூடும்.

நோயை மூப்பென்று கைவிட்டது பழைய பிழை. மூப்பை நோயென்று மருந்திடுவது புதிய பிழை. இரண்டிலும் இழப்பு முதியவருக்கே.